ஒரு வெள்ளி மருந்துக்கு ஒரு நாள் சம்பளம்: தோட்டப்புற மருத்துவத்தில் சிக்கல் எங்கே?

அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்க மலேசியக் குடிமக்கள் ஒரு வெள்ளி கட்டினால் போதும். மருந்தும் அதிலேயே அடக்கம். நிபுணத்துவ மருத்துவர் என்றால் ஐந்து வெள்ளி. பணம் இல்லாததால் மருத்துவம் பார்க்க முடியவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டணம் இவ்வளவு குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது.

அப்படியிருந்தும் தோட்டப்புறத்தில் இனிப்புநீர் நோயாளி ஒருவர் காலில் புண் முற்றிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போகிறார். இரத்தக் கொதிப்பு மாத்திரையை மூன்று மாதமாக நிறுத்திவிட்ட அம்மா ஒருவர், ஒரு பக்கக் கையும் காலும் விழுந்த பிறகுதான் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லப்படுகிறார். இதை அலட்சியம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், லயத்து வீட்டு வாசலிலிருந்து கிளினிக் முகப்பு வரைக்கும் உள்ள வழியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால், கதை வேறாக இருக்கிறது.

ஒரு வெள்ளிக்குப் பின்னால் உள்ள கணக்கு

நாட்டில் 2025-ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்தால், ஒரு நாள் சம்பளம் ஏறக்குறைய 65 வெள்ளி. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவருக்கும் உதிரிப்பழம் பொறுக்குபவருக்கும் வேலை அளவைப் பொறுத்துதான் வருமானம். வேலைக்குப் போகாத நாளில் அது கைக்கு வராது.

கிளினிக் நாளில் என்ன நடக்கிறது? இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு காலையிலேயே போக வேண்டும். தோட்டத்துக்குள் பேருந்து வராது. பெரிய சாலை வரைக்கும் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிளில் யாராவது ஏற்றிச் செல்ல வேண்டும், இல்லாவிட்டால் கார் வைத்திருப்பவரைக் கேட்டு எண்ணெய்க் காசு கொடுக்க வேண்டும். எண் எடுத்து, இரத்தம் கொடுத்து, மருத்துவரைப் பார்த்து, மருந்து முகப்பில் மறுபடியும் காத்திருந்து வீடு திரும்பும்போது மதியம் தாண்டிவிடும். அன்றைய வேலை போய்விட்டது. ஒரு வெள்ளிச் சிகிச்சைக்கு உண்மையில் செலவானது எழுபது, எண்பது வெள்ளி.

இங்கே இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. வேலைவாய்ப்புச் சட்டப்படி தொழிலாளிக்குச் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுக்குக் குறைவானவருக்கு வருடத்தில் 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்து ஆண்டுக்கு மேல் 22 நாள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றால் 60 நாள் வரை. ஆனால் அந்த விடுப்புக்கு மருத்துவர் எம்.சி கொடுக்க வேண்டும். வழக்கமான பரிசோதனைக்கும் மருந்து எடுப்பதற்கும் போனவருக்குப் பெரும்பாலும் எம்.சி கிடைப்பதில்லை. இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை கிளினிக்கில் இருந்தார் என்று ஒரு டைம் ஸ்லிப் மட்டுமே கிடைக்கும். அதை வைத்துச் சம்பளம் கொடுப்பதும் வெட்டுவதும் முதலாளியின் மனத்தைப் பொறுத்தது.

ஆக, காய்ச்சலில் படுத்தவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. படுக்காமல் இருப்பதற்காகக் கிளினிக் போகிறவருக்குத்தான் கைக்காசு போகிறது. இனிப்புநீரும் இரத்தக் கொதிப்பும் இந்த இரண்டாவது வகை.

டிரசர் இருந்த காலம்

தோட்டத்து மருத்துவம் என்றால் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் டிரசர். பெரட்டு முடிந்து ஆட்கள் நிரைக்குப் போனதும், தோட்டத்து மருந்தகத்தில் அவருடைய வேலை தொடங்கிவிடும். கத்தி பட்ட விரலுக்குக் கட்டு, குழந்தைக்குப் பூச்சி மருந்து, காய்ச்சலுக்குக் கசப்பு மருந்து என எல்லாவற்றுக்கும் அவர்தான். சட்டத்தில் அவருக்கு மருத்துவமனை உதவியாளர் என்று பெயர். தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அந்த அளவுக்கு அவர் முக்கியமானவராக இருந்தார்.

இந்த ஏற்பாடு இரக்கத்தால் மட்டும் வந்ததல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காடு அழித்து ரப்பர் நட்ட இடங்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் மலேரியாவால் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். 1901-இல் கிள்ளானில் பணியாற்றத் தொடங்கிய டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களின் நீரை வடித்துக் கொசுவைக் கட்டுப்படுத்தும் வேலையில் இறங்கினார். கிள்ளானிலும் இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் துறைமுகப் பகுதியிலும் மலேரியா குறைந்தது. பிறகு அந்த முறைகள் தோட்டங்களுக்கும் போயின. கால்வாய் வெட்டுவதும், தேங்கிய நீரில் எண்ணெய் தெளிப்பதும் தோட்டத்து அன்றாட வேலைகளில் ஒன்றாயின.

ஆள் செத்துக்கொண்டே இருந்தால் மரம் வெட்ட யாரும் இருக்கமாட்டார்கள் என்பது நிர்வாகங்களுக்கும் விளங்கியது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு குடியிருப்பு, மருத்துவம், பிள்ளை மடுவம், பள்ளி ஆகியவற்றைத் தோட்ட முதலாளியின் பொறுப்பாக்கியது. பெரிய தோட்டங்கள் சொந்தமாக மருத்துவமனை வைத்தன. சிறியவை பல சேர்ந்து ஒரு கூட்டு மருத்துவமனை நடத்தின. அங்கே மருத்துவர் குறிப்பிட்ட நாள்களில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் டிரசரின் பொறுப்பு.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக நினைக்க வேண்டியதில்லை. டிரசர் நிர்வாகத்தின் சம்பளக்காரர். அவர் ஒருவரை நோயாளி என்று எழுதினால் நிரையில் ஓர் ஆள் குறையும். வயிற்றுவலி என்று வந்தவரை ஒரு வேளை மருந்து கொடுத்து வேலைக்கே திருப்பி அனுப்பினார்கள் என்ற மனக்குறை மூத்தவர்களிடம் இன்றும் உண்டு. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. டிரசருக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். யார் வீட்டில் யார் மருந்தை நிறுத்தினார், எந்தப் பெண் எத்தனை மாதம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மருத்துவம் நடந்து போகும் தூரத்தில் இருந்தது.

கம்பத்துக்கு வந்த கிளினிக்

1950-களில் அரசாங்கம் கிராமப்புறச் சுகாதாரச் சேவையைத் தொடங்கியது. 50,000 பேருக்கு ஒரு முதன்மைச் சுகாதார நிலையம், அதன் கீழ் நான்கு துணை நிலையங்கள், அவற்றின் கீழ் இருபது மருத்துவச்சி கிளினிக்குகள் என்பது அன்றைய திட்டம். 1970-களில் அது இரண்டு அடுக்காகச் சுருக்கப்பட்டது. மேல் அடுக்கில் மருத்துவர் இருக்கும் கிளினிக் கெசிஹாத்தான். கீழ் அடுக்கில் தாதியர் நடத்தும் கிளினிக் டேசா. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இந்த அமைப்பு செய்த நன்மை பெரிது. பிரசவத்தில் தாய் இறப்பது மிக அரிதாகிப்போனதற்குக் கிராமத்துத் தாதியரே முக்கியக் காரணம்.

ஆனால் இந்தக் கிளினிக்குகள் பெரும்பாலும் கம்பங்களையும் நிலக் குடியேற்றத் திட்டங்களையும் மனத்தில் வைத்து எழுந்தவை. தோட்டம் தனியார் நிலம். அங்கே சாலை, குடிநீர், மின்சாரம் எல்லாமே நிர்வாகத்தின் பாடு என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. மருத்துவமும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்தது. அரசாங்கம் தோட்டத்தை முதலாளியிடம் விட்டது. முதலாளி சட்டம் கேட்ட அளவுக்குச் செய்தார். இரண்டுக்கும் இடையில் விழுந்த ஓட்டையை அப்போது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் டிரசர் இருந்தார்.

தோட்டம் கைமாறிய பிறகு

பிறகு காட்சி மாறியது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. 1980-களுக்குப் பிறகு நகரங்களுக்கு அருகில் இருந்த தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. எஞ்சிய இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். தேவைப்பட்ட ஆள்களும் வெளிநாடுகளிலிருந்து வந்தார்கள். பிள்ளைகள் பட்டணத்துக்குப் போனார்கள். ஆள் குறைந்ததும் தோட்டத்து மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

1990-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், அதாவது 446-ஆம் சட்டம், தோட்டத் தொழிலாளியின் குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைப் பராமரிப்பு ஆகியவற்றை முதலாளியின் கடமைகளாக வகுக்கிறது. 2019-இல் அது திருத்தப்பட்டு அடுத்த ஆண்டில் நடப்புக்கு வந்தது. தோட்டத்தில் இன்றும் வேலை செய்பவர்கள் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லித் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

சிக்கல் என்னவென்றால், சட்டம் தொழிலாளியையும் அவரைச் சார்ந்தவர்களையும்தான் பார்க்கிறது. இன்றைக்கு லயங்களில் குடியிருக்கும் தமிழர்களில் பலர் தொழிலாளிகள் அல்லர். ஓய்வு பெற்றுப் போக இடமில்லாமல் தங்கிவிட்ட தாத்தா பாட்டிகள், கணவரை இழந்தவர்கள், பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போய்வரும் குடும்பங்கள் என்று பலரும் அங்கே இருக்கிறார்கள். நிர்வாகத்தின் பதிவேட்டில் அவர்கள் இல்லை. தோட்டம் விற்கப்பட்டு வீடு காலி செய்ய நோட்டீஸ் வந்த இடங்களில் நிலைமை இன்னும் மோசம். முகவரியே உறுதியில்லாதவருக்கு எந்தக் கிளினிக்கில் கோப்பு திறப்பது என்பதே கேள்வியாகிவிடுகிறது.

நோயும் மாறிவிட்டது

டிரசர் காலத்து நோய்கள் பெரும்பாலும் வந்து போகும் நோய்கள். மலேரியா, வயிற்றுப்போக்கு, கொக்கிப்புழு, காயம். மருந்து கொடுத்தால் ஒன்று குணமாகும், இல்லையேல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மனிதருக்கு மனிதர் பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் பதிவாகவில்லை. அது பெரிய வெற்றி.

அந்த இடத்துக்கு வந்திருப்பவை போகாத நோய்கள். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. மூன்றில் ஒருவர் என்று சொல்லும் நிலை. 2023 ஆய்வில் நாட்டின் மொத்த விகிதம் 15.6 விழுக்காடாகக் குறைந்தது.

இனிப்புநீர் என்பது ஒரு தடவை மருந்து வாங்கி முடிந்துபோகிற நோயல்ல. கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை ஆண்டில் சில தடவை வேண்டும். கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். மருந்து பெரும்பாலும் மாதா மாதம்தான் கொடுக்கப்படுகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் வருடத்தில் பத்துப் பதினைந்து பயணம். மேலே சொன்ன எழுபது வெள்ளிக் கணக்கை இதனோடு பெருக்கிப் பார்த்தால், மருந்தை ஏன் நிறுத்துகிறார்கள் என்பது விளங்கும்.

பாதத்தை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நெடுநாள் கூடியிருந்தால் பாதத்து நரம்புகள் உணர்ச்சி இழக்கும். அந்தப் பாதத்தோடு ஒருவர் செம்பனைக் காட்டில் நடக்கிறார். மட்டை முள் பூட்ஸைத் தாண்டிக் குத்துகிறது. வலி தெரிவதில்லை. ஈரமான பூட்ஸுக்குள் இரண்டு நாள் கிடந்து புண்ணாகிறது. வலிக்காததால் அவர் மஞ்சள் பூசிக்கொண்டு வேலைக்குப் போகிறார். ஒரு வாரத்தில் கறுக்கிறது. கிளினிக் பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நாளே மிசி கழுவிக் கட்டியிருப்பார். தூரத்தில் இருப்பதால் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய கட்டத்தில்தான் மருத்துவர் அதைப் பார்க்கிறார்.

சிறுநீரகமும் அப்படித்தான். நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இனிப்புநீரே காரணம். இயந்திர டயாலிசிஸ் என்பது வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். தோட்டத்திலிருந்து அதற்குப் போய்வர முடியாமல் டயாலிசிஸ் மையம் உள்ள பட்டணத்தில் வாடகை வீடு தேடும் குடும்பங்கள் உண்டு. அதோடு கூட வேலைக்குப் போகும் பிள்ளை ஒருவரின் வேலையும் பாதி போய்விடும்.

காய்ச்சலும் மருந்துப் புகையும்

தோட்டத்து வேலைக்கே உரிய ஆபத்துகளும் தீர்ந்துவிடவில்லை. எலியின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் செம்பனைக் காட்டில் வேலை செய்பவரைத் தாக்கும். 2010 முதல் அது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கிறது. காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பது என்று டெங்கிக் காய்ச்சல் போலவே தொடங்கும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கும். காய்ச்சலோடு கிளினிக் போகிறவர் தாம் செய்யும் வேலையையும், நீரிலோ சேற்றிலோ இறங்கியதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டால் அவர் அந்தத் திசையில் யோசிப்பார். பட்டணத்து மருத்துவர் கேட்காமல் விடக்கூடிய கேள்வி இது.

களைக்கொல்லி அடிக்கும் வேலையைத் தோட்டங்களில் நெடுங்காலமாகப் பெண்களே செய்து வந்தார்கள். முதுகில் சுமந்த தொட்டியிலிருந்து கசியும் மருந்து உடலில் படும், மூச்சோடு போகும். நகம் உதிர்வது, மூக்கில் இரத்தம் வடிவது, கண் எரிச்சல் போன்ற பாதிப்புகளைத் தெனாகானித்தா அமைப்பு 2002-இல் வெளிக்கொணர்ந்தது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு அதே ஆண்டில் தடை அறிவிக்கப்பட்டு, 2006-இல் தளர்த்தப்பட்டு, கடைசியில் 2020 ஜனவரி முதல் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. அந்த மருந்தை இருபது, முப்பது ஆண்டுகள் அடித்தவர்கள் இன்று பாட்டிகள். அவர்களுடைய மூச்சிரைப்புக்கும் தோல் நோய்க்கும் பழைய வேலைக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க, அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பது முதலில் கோப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மருத்துவர் ஏன் தங்குவதில்லை?

உட்புறக் கிளினிக்குகளில் மருத்துவர் அடிக்கடி மாறுகிறார் என்பது பொதுவான குறை. இதற்குத் தனி மனிதரைக் குறை சொல்ல முடியாது. 2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் எடுக்கப்படுகிறார்கள். நிரந்தர வேலையும் நிபுணத்துவப் படிப்புக்கான வாய்ப்பும் உறுதியில்லாத நிலையில் 2021 ஜூலை 26-இல் ஒப்பந்த மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்ததை நாடே பார்த்தது. பலர் வெளிநாட்டுக்கோ தனியார் துறைக்கோ போய்விடுகிறார்கள். எஞ்சியவர்களில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் துணைவருக்கு வேலையும் உள்ள ஊரைத்தான் பெரும்பாலோர் கேட்பார்கள்.

மருத்துவர் மாறும்போது நோயாளியின் கதை முதலிலிருந்து தொடங்குகிறது. கோப்பில் எண்கள் இருக்கும். மருமகள் ஊருக்குப் போனதிலிருந்து அந்தப் பாட்டிக்கு ஊசி போட்டுவிட ஆளில்லை என்ற செய்தி கோப்பில் இருக்காது.

மொழியும் ஒரு தடை. தோட்டத்தில் பேசும் மலாய் கடைக்கும் வேலைக்கும் போதும். உடம்பில் நடப்பதைச் சொல்லப் போதாது. கால் மரத்துப்போச்சு, உள்ளங்கால் காந்துது, நெஞ்சு அடைக்குது, படபடன்னு வருது என்று தமிழில் நான்கு விதமாகச் சொல்லத் தெரிந்தவர், மருத்துவர் முன்னால் சாக்கிட் என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறார். மருத்துவருக்கு வலி என்று மட்டும் புரிகிறது. சில சொற்களைக் கற்று வைத்திருந்தால் உதவும். மரத்துப்போவதற்குக் கெபாஸ், வீக்கத்துக்குப் பெங்காக், காயத்துக்கு லூக்கா, மூச்சுத் திணறலுக்குச் செசாக் நாஃபாஸ், நெஞ்சு வலிக்குச் சாக்கிட் டாடா. பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலும் போதும்.

அவசர நேரம்

மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. இரத்தக் கட்டியால் வந்த பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எல்லா மருத்துவமனையிலும் அந்த வசதி இல்லை என்பதால் அந்த நேரத்துக்குள் ஊர் மாற்றி ஊர் போக வேண்டியும் வரலாம்.

தோட்டத்தில் முதல் தாமதம் முகவரியிலேயே தொடங்குகிறது. லயத்து வீடுகளுக்குத் தெருப் பெயர் கிடையாது. ஒரே பெயரில் இரண்டு டிவிஷன் இருக்கும். இரவில் தோட்டத்து கேட் பூட்டியிருக்கும். செம்பனை நடுவில் தொலைபேசி அலை எட்டாத இடங்களும் உண்டு. 999-க்கு அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு எந்த டிவிஷன், எந்தச் சாலையிலிருந்து உள்ளே வர வேண்டும், கேட் சாவி யாரிடம் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் மோட்டார் சைக்கிளில் பெரிய சாலைக்குப் போய் விளக்கைப் போட்டு நின்றால் ஆம்புலன்ஸ் வழி தேடும் நேரம் மிச்சமாகும். வாய் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் காத்துப்பட்டது என்று எண்ணி விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

இருக்கும் உதவிகளைப் பெறுவது எப்படி?

பயணத்தைக் குறைக்கச் சில வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. பலருக்குத் தெரியாததுதான் குறை.

தொடர் மருந்தை வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள வேறு அரசாங்கக் கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் பெயர் எஸ்.பி.யூ.பி. தபால் வழியாக மருந்து பெறும் வசதியும் உண்டு. முதல் மாத மருந்தை வாங்கும்போதே மருந்து முகப்பில் கேட்க வேண்டும். தோட்டத்து வீட்டுக்குத் தபால் ஒழுங்காக வராவிட்டால் பட்டணத்தில் உள்ள உறவினர் முகவரியைக் கொடுக்கலாம்.

40 வயதைத் தாண்டிய, அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர் உதவித்தொகை பெறும் குடும்பத்தினருக்கு 2019 முதல் பெக்கா பி40 திட்டம் இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் தகுதி பெறுவர். தனியாகப் பதிய வேண்டியதில்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் கிளினிக்கிலும் இலவசப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் கிளினிக்கைத் தேடிப் போனால் சம்பளம் வெட்டுப்படாது. குறிப்பிட்ட சிகிச்சைகளுக்குத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை போக்குவரத்துச் செலவும், புற்றுநோய்ச் சிகிச்சையை முழுமையாக முடிப்பவருக்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகையும் இதில் அடங்கும்.

வேலையில் இருந்து சொக்சோ சந்தா கட்டியவர்களுக்கு 40 வயதில் இலவசப் பரிசோதனை உண்டு. நோயால் வேலை செய்ய முடியாமல் போனால் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். காலை இழந்தவர்களும் டயாலிசிஸ் செய்பவர்களும் இதைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

எம்.சி கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால், எம்.சி கையில் இருந்தாலும் சட்டப்படி அனுமதியில்லாமல் வராதவராகவே கருதப்படுவார். கைப்பேசியில் படம் எடுத்து மண்டோருக்கு அனுப்பி, அதை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

இன்சுலின் ஊசி மருந்து வைத்திருப்பவர்கள், திறக்காததைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும், உறைபெட்டியில் வைக்கக் கூடாது. திறந்ததைப் பொதுவாக நான்கு வாரம் வரை வெயில் படாத இடத்தில் வைத்துப் பயன்படுத்தலாம். தகரக் கூரை வீட்டில் மதிய வெக்கை அதிகம் என்பதால் எங்கே வைப்பது என்று மருந்தாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னும் செய்ய வேண்டியது

மேலே சொன்னவை எல்லாம் தனி மனிதர் செய்துகொள்ளக் கூடியவை. அவற்றால் தீராத பகுதி ஒன்று இருக்கிறது. தோட்டத்துக்குள் குடியிருந்தும் தோட்டத் தொழிலாளி அல்லாதவருக்கு யார் பொறுப்பு என்பதுதான் அது. தனியார் நிலம் என்ற காரணத்தால் கிளினிக் கட்ட முடியாத இடத்துக்கும் நடமாடும் மருத்துவக் குழு மாதம் ஒரு முறை வந்து போக முடியும். இரத்தம் எடுக்கவும் மருந்து கொடுக்கவும் பாதம் பார்க்கவும் தோட்டத்துக் கோயில் மண்டபமோ பழைய பிள்ளை மடுவமோ போதும். கேட்டைத் திறந்துவிடுவது நிர்வாகத்தின் பங்கு. எத்தனை வீடு, எத்தனை நோயாளி, யார் யார் ஊசி போடுகிறார்கள் என்ற பட்டியலைத் தயாரித்துக் கொடுப்பது குடியிருப்பாளர்களின் பங்கு. கோயில் நிர்வாகக் குழுவோ பள்ளிப் பெற்றோர் சங்கமோ அந்தப் பட்டியலை ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம். பட்டியலோடு மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போகிறவரிடம், அங்கே இவ்வளவு பேர் இருப்பதே தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.